ஈழத்தார், சிலோன்காரர், கனடாக்காரர்

கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்களை ஊர்ப்பெயரால் குறிப்பது காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் பழைய வழக்கம். ஆந்திராப் பார்ட்டி, பெங்களூர் பார்ட்டி, மெட்ராஸ் பார்ட்டி என்பார்கள். அந்த வரிசையில் இப்போது கனடாப் பார்ட்டி, லண்டன் பார்ட்டி, சுவிஸ் பார்ட்டி என்பவையும் சேர்ந்திருக்கின்றன. இப்படி அழைக்கப்படுகிறவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ மட்டக்களப்பிலோ வேர் கொண்டவர்கள். "தம்பி, உந்தச் சிவப்பு வடிவாயிருக்கு, எடுங்கோ பாப்பம்" என்று அம்மாள் ஒருவர் சொல்ல, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் 'எடுங்கோ'வைக் கேட்டு ஐயர் வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொள்வதுண்டு. மூத்த விற்பனையாளருக்கு அந்தக் குழப்பமில்லை. 'வடிவு' காதில் விழுந்ததும் "கூறைதானேம்மா?" என்று கேட்டு, அடர்சிவப்பில் சரிகை நிறைந்த புடவைகளாகப் பார்த்து எடுத்துப் போடுவார். யாழ்ப்பாணத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்கும் கூறையை மணப்பெண் உடுத்திக்கொண்டு மணவறைக்குத் திரும்பிய பிறகுதான் தாலி ஏறும். முகூர்த்தப் புடவை என்று நாம் சொல்வதன் இடத்தில் அவர்களுக்குக் கூறை.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே கடைத்தெருவில் இவர்களின் பெற்றோருக்குப் பெயர் சிலோன்காரர். அதற்கு ஒரு தலைமுறை முன்பு, படித்தவர்கள் வாயில் யாழ்ப்பாணத்தார். கல்வெட்டுகளின் காலத்துக்குப் போனால் ஈழத்தார், சிங்களர். அதற்கும் அப்பால், காப்பியத்தில், நாகர். ஒரு தீவின் மக்களை எதிர்க்கரையிலிருந்து ஓர் ஊர் எத்தனை பெயரால்தான் அழைத்திருக்கிறது என்று கணக்குப் பார்த்தால் காஞ்சிக்கு நிகராக வேறு ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இராது. மதுரைக்கும் தஞ்சைக்கும் அந்தத் தீவோடு போர்க்கணக்கு உண்டு. காஞ்சியின் கணக்கு வேறு. இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் அடைக்கலம் தேடியோ, ஓதவோ, துணி எடுக்கவோ வந்தவர்கள்.

முதலில் நாகர். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது மணிபல்லவத்தில், கோமுகிப் பொய்கையில். பசியால் வாடிய காஞ்சிக்கு அவள் வந்து சோறு போட்டதும் அந்தப் பாத்திரத்தைக் கொண்டுதான். மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்பவர்கள் பலர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனையே சோழனுக்கும் நாக நாட்டு இளவரசிக்கும் பிறந்து, தொண்டைக்கொடி அடையாளத்தோடு கடல் அலை கொண்டுவந்து சேர்த்த பிள்ளை என்கிறது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லும் கதை. கதையை எவ்வளவு நம்புவது என்பது அவரவர் விருப்பம். காஞ்சிக்காரர் தம் அரசனுக்கே தீவில் தாய்வீடு சொல்லிக்கொண்ட ஒரு காலம் இருந்தது என்பது மட்டும் எனக்குப் போதும்.

அந்த இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பட்டினப்பாலையும் அவர் பாடியதே. அதில் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கும் சரக்குகளில் ஈழத்து உணவும் ஒன்று. சங்கப் புலவர்களிலேயே ஒருவர் ஈழத்துப் பூதன்தேவனார். அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை மூன்றிலும் அவர் பாடல்கள் உண்டு. சில இடங்களில் மதுரை ஈழத்துப் பூதன்தேவனார் என்று இரண்டு ஊரும் சேர்ந்தே அவர் பெயரில் நிற்கின்றன. வந்த ஊர் ஒன்று, வாழ்ந்த ஊர் ஒன்று. இரண்டையும் வைத்துக்கொள்ள அன்று யாரும் தடை சொல்லவில்லை. திருப்பரங்குன்றத்துத் தமிழிக் கல்வெட்டிலும் எருகாட்டூரைச் சேர்ந்த ஈழத்துக் குடும்பிகன் ஒருவன் கொடையாளியாக வருகிறான். ஈராயிரம் ஆண்டுப் பழமை உள்ள எழுத்து அது. இரட்டை ஊர்ப்பெயர் அங்கும் அப்படியே.

ஈழம் என்ற சொல்லுக்கு நிகண்டுகள் பொன் என்றும் கள் என்றும் பொருள் தருகின்றன. பல்லவர் செப்பேடுகளில் வரும் ஈழப்பூட்சி கள்ளிறக்குவோர் மீதான வரி. சோழர் செப்பேடுகளில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது என்று தானம் பெற்ற ஊருக்குச் சலுகை வரும். இந்த ஈழவருக்கும் தீவுக்கும் என்ன உறவு என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போனதில்லை. கேரளத்து ஈழவர் தம் முன்னோர் கடல் கடந்து தென்னையோடு வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஈழக்காசு என்ற நாணயமும் சோழர் காலக் கல்வெட்டுகளில் புழங்கியது. ஆளுக்கும் காசுக்கும் கள்ளுக்கும் ஒரே பெயர் என்றால் அந்த ஊர் எவ்வளவு பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஏழாம் நூற்றாண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 640ஆம் ஆண்டையொட்டிச் சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். வந்ததன் நோக்கமே இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறுவது. அவர் சரித்திரத்தை எழுதிய சீடர் ஹுய்லி, காஞ்சியைத் தென்கடலின் துறை என்றும், அங்கிருந்து சிங்களத்துக்கு மூன்று நாள் கடல்வழி என்றும் குறிக்கிறார். புறப்படுவதற்குள் எதிர்த் திசையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட சிங்களப் பிக்குகள். அரசன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சம், குழப்பம், அண்டிப் பிழைக்க ஆளில்லை, அதனால் இந்தக் கரைக்கு வந்துவிட்டோம் என்றார்கள். போதிமேகேசுவரர், அபயதம்ஷ்டிரர் என்று அவர்களின் தலைவர்கள் இருவர் பெயரும் பதிவாகியிருக்கிறது. யுவான் சுவாங் அவர்களிடம் யோகாசார நூல்களில் தமக்கிருந்த ஐயங்களைக் கேட்டார். நாலந்தாவில் தம் ஆசிரியர் சீலபத்திரர் சொன்னதைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் இலங்கைப் பயணத்தைக் கைவிட்டு வடக்கே திரும்பிவிட்டார். ஊரைவிட்டு ஓடிவந்தவர்களிடம் வந்தவுடன் தத்துவ விசாரணை நடந்தது என்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் பொறாமையும் சேர்ந்தே வரும்.

2022 மார்ச்சில் ராமேசுவரம் கரையில் இலங்கையிலிருந்து படகுகளில் வந்திறங்கியவர்களும் ஏறத்தாழ இதையே சொன்னார்கள். அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மாவு விலை கட்டுப்படியாகவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் அந்நாட்டு ஜனாதிபதி நாட்டைவிட்டே வெளியேறினார். காரணங்கள் 640இல் சொன்னவையேதான்: ஆள்பவன் இல்லை, பஞ்சம், குழப்பம். இவர்களை விசாரித்தது கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ். மண்டபம் முகாமுக்கு அனுப்பினார்கள். பத்திரிகைகள் இவர்களுக்கு வைத்த பெயர் பொருளாதார அகதிகள். அகதி என்ற சொல்லே சுமையாக இருக்கும்போது அதற்கு முன்னால் இன்னொரு சொல்லையும் ஏற்றிவிட்டோம்.

பிக்குகள் வந்து சில பத்தாண்டுகளுக்குள் பல்லவர் அரண்மனையில் இன்னொரு இலங்கையர் தங்கியிருந்தார். பதவி இழந்த இளவரசர் மானவம்மர். கல்கியின் சிவகாமியின் சபதம் படித்தவர்களுக்கு மானவன்மனாகப் பழக்கமானவர். இலங்கையின் சூளவம்சம் அவரைப் பற்றிச் சொல்லும் செய்தி நாவலில் வருவதைவிட எளிமையானது, எனக்கு அதைவிடப் பிடித்தது. வெயிலில் யானை மேல் போய்க்கொண்டிருந்த நரசிம்மவர்மர் இளநீர் குடித்துவிட்டு மிச்சத்தை உடனிருந்த மானவம்மரிடம் நீட்டினார். எச்சிலாயிற்றே என்று ஒரு கணம் யோசித்தாலும், நட்புக்கு இழிவு வரக் கூடாது என்று அவர் வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்த பல்லவர், அவர் மிச்சம் வைத்ததை வாங்கித் தானும் குடித்தார். சளுக்கரோடு நடந்த போரில் மானவம்மர் பல்லவர் பக்கம் நின்றார். பிறகு பல்லவர் படை இரண்டு முறை கடல் தாண்டிப் போனது. முதல் முறை பாதியில் திரும்பியது. இரண்டாம் முறை மானவம்மர் அனுராதபுரத்தில் அரியணை ஏறி 35 ஆண்டு ஆண்டார்.

அந்த நூற்றாண்டில் காஞ்சியில் 'சிங்களர்' என்றால் சிங்களத்திலிருந்து வந்தவர் என்பது மட்டுமே பொருள். அந்தச் சொல்லை இன்று தமிழ்நாட்டில் யாரும் அப்படி வெறுமனே உச்சரிப்பதில்லை. 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட காலம் அந்தச் சொல்லின் மேல் ஏற்றிவைத்தது அப்படி. 2012 செப்டம்பரில் பூண்டிக்கும் வேளாங்கண்ணிக்கும் மாதா கோயில் யாத்திரை வந்த சிங்களக் கத்தோலிக்கர் எதிர்ப்பைச் சந்தித்து, போலீஸ் பாதுகாப்போடு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அவர்கள் யாத்ரீகர்கள் என்பதைவிடச் சிங்களர் என்பது பெரிதாகப் பட்டது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காமாட்சியம்மன் கோயிலில் 1915 வாக்கில் கோபிநாத ராவ் கண்டெடுத்து எழுதிய புத்தர் சிலைகள், பிக்குகள் உலவிய காஞ்சியின் மிச்சங்கள். அந்தக் காஞ்சியும் இதே மண்தான் என்று சொன்னால் நம்புவது கடினம்.

தீவுக்காரர் என்றாலே காஞ்சி உள்ளம் குளிர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. காஞ்சிக்குத் தெற்கே ஆர்ப்பாக்கத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு, இரண்டாம் இராசாதிராசன் காலத்தது. பாண்டி நாட்டு வாரிசுச் சண்டையில் புகுந்த ஈழத்துப் படை இராமேசுவரம் கோயிலை அடைத்துப் பூசையை நிறுத்திவிட்டது, சோழ நாட்டிலும் நுழைந்துவிடும் என்ற செய்தி வந்ததும், எதிரிலிசோழச் சம்புவராயன் கலங்கிப்போய் ஞானசிவதேவர் என்ற உமாபதி தேவரிடம் ஓடினான். அவர் 28 நாள் இடைவிடாமல் சிவபூசை செய்தார். படை பின்வாங்கியது. நன்றிக்கடனாக ஆர்ப்பாக்கம் கிராமமே அவருக்குத் தானமாயிற்று. மணிமங்கலத்துக் கோயிலில் உள்ள முதலாம் இராசாதிராசனின் கல்வெட்டோ, இலங்கை மன்னர் நால்வரின் முடியைப் பறித்ததை வரிசையாகப் பெருமை பேசுகிறது. ஒரே மாவட்டத்தில், நூற்றுச் சில்லறை ஆண்டு இடைவெளியில், ஒரு கல்லில் ஈழத்தார் தோற்றோடுகிறவர்கள். இன்னொரு கல்லில் வந்துவிடுவார்களோ என்று ஊரே நடுங்கிய ஆட்கள்.

காஞ்சியிலிருந்து தீவுக்குப் போனதும் உண்டு. குமரக்கோட்டத்தில் அர்ச்சகராக இருந்த கச்சியப்ப சிவாச்சாரியார் அங்கே அமர்ந்து பாடியது கந்தபுராணம். அந்த நூல் தமிழ்நாட்டில் இன்று பெயரளவில் அறியப்பட்டது; பாடிய ஊரிலேயே முழுதும் படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். யாழ்ப்பாணத்தில் அது கோயில்தோறும் ஆண்டுதோறும் படிக்கப்பட்டது, ஒருவர் செய்யுள் வாசிக்க இன்னொருவர் பயன் சொல்ல. அந்தச் சமூகத்தின் வாழ்க்கை முறைக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டார் பண்டிதமணி கணபதிப்பிள்ளை. சூரபதுமன் தலைநகரான வீரமகேந்திரபுரம் இலங்கைக்கும் தெற்கே கடலில் இருப்பதாகவும், இலங்காபுரி அவனுடைய காவல் நகரங்களில் ஒன்று என்றும் பாடுகிறது புராணம். தங்கள் தீவை அசுரர் காவல் மேடையாக்கிய காஞ்சிக்காரர் நூலை அத்தீவின் மக்களே இவ்வளவு உரிமையோடு வைத்துக்கொண்டது வேடிக்கைதான்.

நெசவாளரும் போயிருக்கிறார்கள். காஞ்சியில் தறி போட்ட செங்குந்தரின் பெயரில் யாழ்ப்பாணத்தில் செங்குந்தா இந்துக் கல்லூரி இருக்கிறது. சிங்களரில் சலாகம என்ற சாதியார் தென்னிந்தியாவிலிருந்து வந்த சாலிய நெசவாளரின் வழியினர் என்பது அங்குள்ள மரபு. போர்த்துக்கீசர் அவர்களைக் கறுவாப்பட்டை உரிக்கும் வேலைக்குத் திருப்பினார்கள். தறியும் போயிற்று, தமிழும் போயிற்று. சாதிப் பெயரில் மட்டும் ஒரு சாயல். இங்கிருந்து போனவர்கள் அங்கே சிங்களரானார்கள். போன வாரம் நடந்ததைப்போல இதைச் சொல்கிறோம், நடந்து முடியப் பல தலைமுறைகள் ஆயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே மரியாதையான பெயர் யாழ்ப்பாணத்தார். ஆறுமுக நாவலரும் சி.வை. தாமோதரம் பிள்ளையும் அந்தப் பெயரை ஏட்டுச் சுவடிகளோடு சேர்த்து நினைக்க வைத்தார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளியே வந்த இருவரும் யாழ்ப்பாணத்தாரே, தாமோதரம் பிள்ளை அவர்களில் ஒருவர். அன்று அந்தப் பெயரில் கொஞ்சம் அச்சமும் கலந்திருந்தது. பாடத்தில் பிழை கண்டுபிடிப்பார்களே என்ற அச்சம்.

யாழ்ப்பாணத்தாருக்குள்ளும் பெயர்கள் உண்டு. குடாநாட்டுக்காரர்கள் வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு ஆட்களைத் 'தீவார்' என்பார்கள், லேசான இளப்பத்தோடு. தாங்களும் ஒரு தீவில்தான் இருக்கிறோம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியில் எல்லாம் சிலோனாயிற்று. 1914இல் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை போட் மெயில் ஓடத் தொடங்கியது. இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறி 1984 வரை ஓடியது. காஞ்சிப் பட்டும் பெங்களூர் பட்டும் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போனவர்கள், வருகிறபோது சோப்பும் டார்ச் லைட்டும் துணியும் கொண்டுவந்து விற்றவர்கள் எல்லாரும் சிலோன்காரர்கள். தறிக்குழியில் கால் வைத்து நெய்தவர்களுக்குப் பகல் முழுக்கத் துணை சிலோன் ரேடியோ. 1967இல் அதன் பெயர் மாறியது, 1972இல் மறுபடி மாறி இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அறிவிப்பாளர் அதை முழுசாகச் சொன்னாலும், கேட்டவர்கள் வாயில் சிலோன்தான். அந்த 1972 மே 22 அன்றே நாட்டின் பெயரும் ஸ்ரீலங்கா ஆகிவிட்டது. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், காஞ்சியில் பிறந்த அண்ணாவின் முயற்சியில் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆகியிருந்தது. நாட்டுப் பெயர் மாறினால் ஆளின் பெயரும் மாறும் என்பதை நம்மவர்கள் அப்போது நன்றாகவே அறிந்திருந்தார்கள். தங்களுக்கு அது விடுதலையாக இருந்தது. எதிர்க்கரையில் அது தமிழருக்கு அப்படி அமையவில்லை.

சிலோன் என்ற சொல் ஆட்களைவிட்டு மெல்ல இறங்கியது. சுராங்கனி பாடிய மனோகர் கடைசி வரை சிலோன் மனோகராகவே இருந்தார். இப்போது அது பரோட்டாவுக்கும் டீக்கும் முன்னால் நிற்கிறது.

அந்தப் பெயரின் கொடுமையான பக்கம் மலைநாட்டில் இருக்கிறது. 1823லிருந்து தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளை 1911 மக்கள் கணக்கெடுப்பு முதல்முறையாகத் தனியே எண்ணியது. இலங்கைத் தமிழர் 5,28,000 பேர், இந்தியத் தமிழர் 5,31,000 பேர். 1948 குடியுரிமைச் சட்டம் அந்த இரண்டாம் பிரிவினரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அங்கே இருந்தபோது இவர்களுக்குக் கிடைத்த பெயர்கள் வடக்கத்தியான், தோட்டக்காட்டான், கள்ளத்தோணி. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் வந்திறங்கியதும் கிடைத்த பெயர் சிலோன்காரன். அங்கே இந்தியன் என்று விரட்டப்பட்டவன் இங்கே சிலோன்காரன் என்று ஒதுக்கப்பட்டான். 2012 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் 22,69,000 பேர், இந்தியத் தமிழர் 8,40,000 பேர். நூறு ஆண்டுகளில் முதல் எண் நான்கு மடங்காகியிருக்கிறது, இரண்டாவது எண் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது. அந்த மக்கள் இன்று தம்மை மலையகத் தமிழர் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வரும் பெயர்களில் அழைக்கப்பட்டவர்களே தமக்கு வைத்துக்கொண்டது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. ஈழத்தமிழர் என்பதையும் சேர்த்தால் இரண்டு. 2023இல் அவர்கள் தம் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தபோது பதாகைகளில் இருந்த சொல்லும் மலையகம்.

1983 ஜூலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லாப் பெயரும் அகதியில் அடங்கின. யாழ்ப்பாணத்தார், வன்னியார், மன்னார் மீனவர், திருகோணமலையார் என்று அவர்களுக்குள் இருந்த வேறுபாடுகளை முகாம் பதிவேடு பார்க்கவில்லை. முன்பு சிலோன்காரர் என்ற ஒரு சொல்லும் இப்படி எல்லாரையும் அள்ளிப் போட்டதுதான், ஆனால் அதில் ஓர் ஊராவது இருந்தது. அகதியில் ஊரே இல்லை. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சொன்ன கணக்குப்படி, 1983 முதல் 3,04,269 பேர் வந்தார்கள். அன்று 108 முகாம்களில் 58,822 பேரும் முகாமுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை இருந்தது. செங்கல்பட்டு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில் அங்கே சிறப்பு முகாம் என்று ஒன்று இயங்கியது. பெயரில் இருந்த சிறப்பு, உள்ளே போனவர்கள் வெளியே வர முடியாது என்பது.

அதே ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. புதிய வீடுகள் கட்டும் திட்டமும் உடன் வந்தது. சொல் மாறியதில் பயனில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளி விண்ணப்பத்தில் அகதி என்று எழுதிக்கொடுத்த பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் டெல்லியின் சட்டப் புத்தகத்தில் அகதி என்ற வகையே கிடையாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. முறையான தாள் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 1987 ஜூலை 1க்குப் பின் இங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இல்லாவிட்டால் பிள்ளை இந்தியர் அல்ல. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தது. அந்த மூன்றில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தாள் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமை தரவில்லை. 2022இல் படகில் வந்தவர்களுக்கு அந்த விலக்கும் இல்லை.

இதற்கிடையில் கடல் மறுபடி சுருங்கியிருக்கிறது. 2019இல் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் வந்தது, இடையில் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், சில மணி நேரப் பயணம். யுவான் சுவாங்குக்குச் சொல்லப்பட்டது மூன்று நாள். கூறை எடுக்க டொராண்டோவிலிருந்து வருகிறவர் இருபது மணி நேரத்துக்கு மேல் பறந்து வருகிறார், கனடா பாஸ்போர்ட்டோடு, நல்ல விசாவோடு. அவரை எந்தப் பதிவேடும் அகதி என்று எழுதாது. 1983இலோ 1995இலோ அவரும் ஓடியவர்தான். ஓடிப் போய்ச் சேர்ந்த இடம் வேறு. அவருடைய சித்தப்பா மகள் கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கக்கூடும். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே பேச்சு. இன்று ஒருவர் கனடாக்காரர். மற்றவர் இருக்கும் முகாமின் பெயர்ப் பலகையில் மறுவாழ்வு என்று எழுதியாயிற்று. ஊர்க்காரர்கள் அவரை இன்றும் கேம்ப்காரர் என்றே சொல்கிறார்கள்; பிள்ளைகளை, கேம்ப் பிள்ளைங்க.